சென்னை வீட்டுத் தோட்டத்துப் பறவைகளும் அக்கம்பக்கத்துப் பூங்காக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்க விரும்பும் சென்னைவாசிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. கடற்கரையை ஒட்டிய பிற தமிழக நகரங்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். பருவக் கணக்கு மட்டும் ஊருக்கு ஊர் சற்று முன்பின் ஆகும்.

இவ்வளவு நெரிசலான நகரத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு அப்படி என்ன பறவைகள் வந்துவிடப் போகின்றன?

காகம், மைனா, மாடப்புறா ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் தங்கள் தெருவில் இல்லை என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். ஒரே இடத்தில் காலையில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அந்தக் கருத்து மாறிவிடும். ஒரு வேப்பமரமும் ஒரு முருங்கையும் நாலைந்து செம்பருத்திச் செடிகளும் உள்ள சாதாரண வீட்டுத் தோட்டத்தில் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, தவிட்டுக்குருவிக் கூட்டம், செம்போத்து, வால்காக்கை, குண்டுகரிச்சான், பச்சைக்கிளி, குயில் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். செம்மார்புக் குக்குறுவான் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். எங்கோ ஒரு பட்டறையில் செம்பைத் தட்டுவதுபோல ஒரே சீராக, நிறுத்தாமல் கேட்கும் ஓசை அதனுடையதுதான். நெற்றியும் மார்பும் சிவந்த அந்தச் சின்னஞ்சிறு பச்சைப் பறவை பெரும்பாலும் மரத்தின் உச்சியில் இலையில்லாத கிளையொன்றில் உட்கார்ந்திருக்கும்.

மரத்தில் இருந்த குருவிகள் அனைத்தும் திடீரென்று ஒரே நேரத்தில் கூச்சலிட்டு அடங்கினால் வைரி பக்கத்தில் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். புறாவின் அளவே உள்ள இந்த வேட்டைப் பறவை அணில், ஓணான், குருவி ஆகியவற்றைப் பிடித்துத் தின்று நகரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. அந்தி சாய்ந்ததும் பழைய மரப் பொந்திலிருந்து புள்ளி ஆந்தைகள் இணையாக வெளிவரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி மட்டுமே உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

தொட்டியில் இரண்டு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை ஆகியவை போதும். முதல் இரண்டும் தேன்சிட்டை வரவழைக்கும். அடுத்த இரண்டிலும் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு தொடக்கத்தில் பறவை எச்சத்தைப் போலவே வெள்ளையும் பழுப்புமாக இருந்து, வளர்ந்த பின் இலைப் பச்சையாக நிறம் மாறுவதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ரசத்துக்குக் கறிவேப்பிலை குறையுமே என்று கவலைப்படுபவர்கள் இன்னொரு தொட்டி வைத்துக்கொள்ளட்டும். புழுவுக்கு மருந்து தெளித்துவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

இடமிருப்பவர்கள் எந்த மரங்களை நடுவது நல்லது?

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் வேம்பு. அதன் பழம் கோடையின் பிற்பகுதியில் பழுக்கும்போது குயில், மைனா, கொண்டைக்குருவி, காகம், இரவில் பழந்தின்னி வௌவால் என்று வருகைப் பட்டியல் நீளும். இன்னும் இடமிருந்தால் நாவல், அத்தி, நுணா, புங்கன், பூவரசு ஆகியவற்றைச் சொல்லலாம். முருங்கை ஆண்டின் பல மாதங்களில் பூப்பதால் தேன்சிட்டுக்கு நிலையான உணவகம். வாழை குலை தள்ளினால் பகலில் தேன்சிட்டும் இரவில் வௌவாலும் பூவைத் தேடி வரும்.

கல்யாண முருங்கையைத் தனியே குறிப்பிட வேண்டும். தை, மாசி மாதங்களில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும்போது, அந்த ஒரு மரத்தில் மட்டும் காகம், மைனா, வால்காக்கை, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் சண்டையும் சமாதானமுமாகத் தேன் குடிப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் சாதாரணமாக இருந்த இம்மரம் சென்னை வீடுகளில் இப்போது அரிதாகிவிட்டது. ஒரு போத்தை வெட்டி நட்டாலே துளிர்க்கக்கூடியது என்பதால் மீண்டும் வளர்ப்பதும் எளிது.

நாட்டு மரங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றாலும், ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அயல் மரம் என்பதற்காக வெட்டிவிட வேண்டாம். அதன் பொந்தில் குடியிருக்கும் கிளிகளுக்கு மரத்தின் பூர்வீகம் ஒரு பொருட்டில்லை.

பறவைகளுக்குச் சோறும் தானியமும் வைக்கலாமா?

சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதும், வாசலில் அரிசிமாக் கோலம் போட்டு எறும்புக்கும் அணிலுக்கும் உணவளிப்பதும் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் வழக்கங்கள். அந்த அளவோடு நின்றால் கெடுதல் இல்லை. மொட்டைமாடியில் நாள்தோறும் கிலோக்கணக்கில் தானியம் இறைப்பதுதான் சிக்கல். அது தேன்சிட்டையோ தையல்சிட்டையோ குண்டுகரிச்சானையோ கூப்பிடாது, ஏனெனில் அவை பூச்சியையும் தேனையும் உண்பவை. தானியத்துக்கு வருபவை பெரும்பாலும் மாடப்புறாக்கள். அவை பெருகினால் ஏசி எந்திரத்தின் இடுக்கு, ஜன்னல் விளிம்பு, தண்ணீர்த் தொட்டியின் மேல்மூடி எல்லாம் எச்சமாகும். காய்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்கள் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வருவதையும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தானியத்துக்குச் செலவிடும் பணத்தில் பழ மரக் கன்றுகள் வாங்கி நடலாம் என்பதே எமது கருத்து. எலிகளும் அதனால் குறையும்.

தண்ணீர் வைத்தால் கொசு வளராதா?

அன்றாடம் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றினால் வளராது. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்குச் சற்று முன்பின் ஆகும் என்பதால், தினமும் காலையில் மாற்றப்படும் நீரில் அதற்கு வாய்ப்பே கிடைக்காது. பாத்திரம் அகலமான மண்சட்டியாகவும் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாததாகவும் இருக்கட்டும். நடுவில் ஒரு கல்லைப் போட்டுவைத்தால் சிறிய பறவைகளும் தேனீக்களும் அதன்மேல் நின்று குடிக்கும். நிழலில், பூனை பதுங்குவதற்கு மறைவில்லாத இடத்தில், கிளையொன்றுக்குக் கீழே வையுங்கள். குளித்து நனைந்த இறகோடு பறவையால் தொலைவு பறக்க முடியாது, உடனே ஏறி உட்காரக் கிளை வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பிற்பகல் வேளையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சட்டியில் குளிப்பதைப் பார்ப்பதற்கே ஒரு சட்டி வைக்கலாம்.

தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டாமா?

வீட்டு வாசலைச் சுத்தமாக வைத்திருங்கள். தோட்டத்தின் பின் மூலையொன்றையாவது கூட்டாமல் விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் பின்பற்ற எண்ணுபவர்கள் இதைப் பின்பற்றட்டும்.

சருகைப் பெருக்கிக் குப்பைத் தொட்டியில் போடும்போது தவிட்டுக்குருவியின் சாப்பாட்டு இலையைத்தான் எடுத்துவிடுகிறோம். ஏழெட்டுப் பறவைகள் சேர்ந்து ஒவ்வொரு சருகாகப் புரட்டி அடியில் உள்ள பூச்சியைப் பொறுக்குவதே அவற்றின் நாள்வேலை. பட்டுப்போன கிளையை அழகுக்காக அறுத்துவிட்டால் குக்குறுவானுக்கு வீடில்லை. அதன் அலகு மரங்கொத்தியின் அலகைப்போல வலுவானதன்று என்பதால், உளுத்துப்போன மென்மரத்தில்தான் அது பொந்து குடையும். யார் தலையிலும் விழாத இடத்தில் உள்ள காய்ந்த கிளையை அப்படியே விடுவது நல்லது.

ஒட்டடையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூட்டை அருகில் நின்று, தொடாமல், கவனித்துப் பாருங்கள். நார், காய்ந்த இலைத்துணுக்கு, மரப்பட்டைச் சிம்பு, புழுக்களின் எச்சம் எனக் கையில் அகப்பட்டதையெல்லாம் சிலந்தி நூலால் கட்டி, காற்றில் ஆடும் ஒரு பையைப் பெட்டைத் தேன்சிட்டு செய்திருக்கும். பக்கவாட்டில் ஒரு வாசலும், வாசலுக்கு மேலே மழை உள்ளே அடிக்காதபடி சிறிய கூரை நீட்டமும் இருக்கும். உள்ளே பஞ்சு விரித்திருக்கும். பார்ப்பவருக்கு அது கிளையில் மாட்டிக்கொண்ட குப்பையாகத் தோன்றும், அதுவே அதற்குப் பாதுகாப்பு. அந்தச் சிலந்தி நூலை உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் ஒட்டடையிலிருந்தே அது எடுத்துச் சென்றிருக்கக்கூடும்.

துணி காயவைக்கும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. அதை நகர்த்தலாமா?

நகர்த்த வேண்டாம், இடம் மாறினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம். கட்டத் தொடங்கியதிலிருந்து குஞ்சுகள் பறந்துபோகும்வரை ஏறத்தாழ ஒன்றரை மாதம் அந்தக் கொடியை விட்டுக்கொடுத்தால் போதும். அதற்குள் ஆளுக்கு ஆள் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்தால் பறவை மிரளும், காகத்துக்கும் கூட்டின் இடம் தெரிந்துவிடும். தையல்சிட்டின் கூட்டுக்கும் இதுவே பொருந்தும். அகலமான இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையைக் கோத்து இழுத்து, வெளிப்பக்கம் இழை பிரிந்து முடிச்சைப்போல நிற்கும்படி அது தைத்து வைத்திருக்கும். செடியைக் கத்தரிக்கும் முன் இலைகளின் அடிப்புறத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

பறவைக் குஞ்சு கீழே கிடந்தால் எடுத்து வளர்க்கலாமா?

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு பெரும்பாலும் தொலைந்துபோனதன்று. பறக்கப் பழகும் அந்தச் சில நாள்களில் தாய் தந்தையர் அருகிலிருந்தே ஊட்டுவார்கள். நாயும் பூனையும் எட்டாத புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறகில்லாத குஞ்சு விழுந்திருந்து, கூடு கண்ணுக்குத் தெரிந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பாலில் நனைத்த ரொட்டியும் சோறும் ஊட்ட வேண்டாம், பறவைகளுக்குப் பால் செரிக்காது. அடிபட்ட பறவையாக இருந்தால் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்கோ விலங்கு நலச் சேவையினருக்கோ தகவல் சொல்வதே முறை.

காகம் தலையில் கொட்டுகிறது. இது சனி தோஷமா?

கோடையில் காகம் கூடு கட்டும் காலத்தில், அந்த மரத்தடியில் குஞ்சு ஏதாவது விழுந்திருந்தால் அவ்வழியே போகிறவர் யாராக இருந்தாலும் கொட்டும். இரண்டு வாரம் குடை பிடித்துச் செல்லுங்கள். பரிகாரத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். அதே காகத்தின் கூட்டில் குயில் தன் முட்டையை இட்டிருக்கவும் கூடும். கூவுவது கரிய ஆண் குயில். காகத்தின் கவனம் சிதறும் நேரம் பார்த்து முட்டையிடுவது பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண் குயில். இரண்டும் வேறு வேறு பறவைகள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு குருவி நாள் முழுவதும் கார்க் கண்ணாடியைக் கொத்துகிறதே, ஏன்?

கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைத் தன் எல்லைக்குள் புகுந்த எதிரியாக நினைக்கிறது. பக்கக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

கைப்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்பது உண்மையா?

கோபுரங்கள்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை. 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருகிறது என்றும் கூறியது. நகரத்தில் குறைவதற்கான காரணங்களை நம் வீடுகளிலேயே தேடலாம். ஓட்டு வீட்டின் இடுக்கும், உத்தரத்தின் சந்தும், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறமும் போய்விட்டன. தானிய மூட்டை சிந்திக்கிடந்த மளிகைக் கடைகள் பொட்டலக் கடைகளாகிவிட்டன. வளர்ந்த குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டுகிறது. மருந்தடித்த தோட்டத்தில் அவை கிடைப்பதில்லை. குருவி கூடு கட்டுவதற்கான பெட்டி வைப்பவர்கள் வாசல் துளையை ஒன்றேகால் அங்குலத்துக்கு மிகாமல் அமையுங்கள், பெரிதாக இருந்தால் மைனா குடியேறிவிடும். பக்கத்துத் தெருவிலாவது குருவி இருந்தால்தான் பெட்டிக்குப் பயன்.

எந்த மாதங்கள் பறவை பார்க்க உகந்தவை?

செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைக் காலம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாகவே விருந்தினர் வரத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுள் ஆறுமணிக்குருவி தனிச் சிறப்புடையது. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தெற்கே வரும் இக்குருவி, அக்டோபர் வாக்கில் சென்னையின் வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் சில சமயம் வீட்டுக் கூடத்திலும்கூடக் களைத்துப்போய் இறங்கிவிடுவதுண்டு. பச்சை முதுகும் நீலத் தோள்பட்டையும் கறுப்புக் கண்பட்டையும் சிவந்த அடிவயிறுமாக, வாலே இல்லாததுபோல் குட்டையாக இருப்பதால், கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுப் பறவை என்று எண்ணுகிறார்கள். அப்படி ஒன்று வந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள், பூனையை உள்ளே அடையுங்கள், சருகு நிறைந்த நிழலான இடத்தில் விட்டுவிடுங்கள். இளைப்பாறிவிட்டுத் தானே போய்விடும். சருகுள்ள தோட்டமாக இருந்தால் சில நாள் தங்கவும் செய்யும். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டை விசிலாகக் குரல் கொடுக்கும்.

பாம்பு, கீரி, மரநாய், வௌவால் ஆகியவற்றால் ஆபத்து இல்லையா?

கீரியும் மரநாயும் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகும். வௌவால் கடித்துப் போட்ட பழத்தை மட்டும் உண்ணாதீர்கள். பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்கு வரும் சாரைப்பாம்பு எலி பிடிக்க வருகிறது, அதற்கு நஞ்சில்லை. கடித்தவனைச் சுடுகாடுவரை பின்தொடர்ந்து மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று பழிசுமத்தப்பட்ட கொம்பேறி மூக்கனும் மனிதருக்குத் தீங்கற்றது, ஓணானையும் தவளையையும் தேடி மரமேறுவது. ஆனால் நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பதால், அடையாளம் உறுதியாகத் தெரியாதவர்கள் எந்தப் பாம்பின் அருகிலும் போகக் கூடாது. தொலைவில் நின்று கண்காணித்தபடி வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள். கடித்துவிட்டால் நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கூட்டாத மூலையை வீட்டுச் சுவரையொட்டி அமைக்காமல் தள்ளி அமைப்பதும், இரவில் தோட்டத்தில் டார்ச் விளக்கோடு நடப்பதும் நல்லது.

அருகிலுள்ள எந்தெந்தப் பூங்காக்களுக்குப் போகலாம்?

முதலில் கிண்டி. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா, ஒரு பெருநகரத்தின் நடுவே எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாப் புதர்க்காடு. வெளிமானும் புள்ளிமானும் நரியும் அங்கே இருக்கின்றன. 1959இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகமும் இக்காட்டிலிருந்து பிரித்தெடுத்த நிலத்தில் அமைந்ததுதான். காட்டுப் பகுதிக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். விலங்குகளையும் பறவைகளையும் கூண்டில் வைத்திருக்கும் சிறுவர் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு போதும். குளிர்காலத்தில் அங்குள்ள அடர்ந்த மரங்களில் அரசவால் ஈப்பிடிப்பானையும், தரையில் கொடிக்கால் வாலாட்டியையும் செந்தலைப் பூங்குருவியையும் தேடலாம். கூண்டில் உள்ளவற்றைப் பார்க்க வரும் கூட்டம் மரத்தில் உள்ளவற்றை அண்ணாந்து பார்ப்பதில்லை என்பது பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி.

அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவும், ஆற்றின் தென்கரையில் பெரிய ஆலமரத்தைக் கொண்ட பிரம்மஞான சபை வளாகமும் அடுத்தவை. இரண்டுக்கும் போகும் முன் பார்வையாளர் நேரத்தையும் அனுமதி முறையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, அரிவாள்மூக்கன், கூழைக்கடா ஆகியவற்றை எளிதில் காணலாம். பூநாரைகள் வரும் ஆண்டுகளில் துரைப்பாக்கம் சாலையிலேயே வண்டிகளை ஓரங்கட்டிவிடுகிறார்கள். பெருங்குடிக் குப்பைமேடும் அதே சதுப்பில்தான் இருக்கிறது என்பதை அங்கே போனால் மூக்கே சொல்லிவிடும். மாநகராட்சியின் சிறிய பூங்காக்கள் நடைப்பயிற்சிக்கு நல்லவை, பறவைகளுக்குச் சுமாரானவை. பளிங்குபோல் பெருக்கி, புதர்களைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பதே காரணம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தோட்டத்துக்கு எதுவும் வேண்டாம். பூங்காவுக்கு ஓர் இருநோக்கி (பைனாகுலர்) உதவும். 8x42 என்ற குறியீடுள்ளது தொடக்கநிலையினருக்கு ஏற்றது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதைக் கண்ணால் சரிபார்த்த பிறகே நம்புங்கள். பறவையை வெளியே வரவழைப்பதற்காக அதன் குரலை ஒலிபரப்புவது, கூட்டின்மேல் ஃபிளாஷ் அடிப்பது இரண்டையும் தவிருங்கள்.

கிளி வளர்க்கலாமா?

கூடாது. பச்சைக்கிளி, முனியா, மைனா போன்ற இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி சோதிடருக்கும் இது பொருந்தும்.

பார்த்தவற்றைக் குறித்துவைப்பதால் யாருக்காவது பயனுண்டா?

உண்டு. தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்தால் அது ஆய்வாளர்களுக்குத் தரவாகிறது. மேலே சொன்ன 2020 அறிக்கை இத்தகைய பொதுமக்கள் பதிவுகளை வைத்தே எழுதப்பட்டது. ஆண்டுதோறும் சனவரியில் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிவிட வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள், அரிய பறவைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் 1978 முதல் இயங்கிவரும் சென்னை இயற்கையாளர் கழகம் களப்பயணங்களை நடத்துகிறது. தொடக்கநிலையினரும் அவற்றில் சேர்ந்துகொள்ளலாம்.